குடோன் எங்கே? குட்டியானை எத்தனை?

ஓசூரில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் ஒரு குளியல் சோப்பு. அதே சோப்புக் கம்பெனிக்குப் பெங்களூரில் ஒரு குடோன், நாற்பது கிலோமீட்டர் தள்ளி. விடிகாலையில் அங்கே வண்டியை எடுத்தால் கடை திறக்கும்போது சரக்கை இறக்கிவிடலாம். ஆனால் 2017 ஜூன் வரைக்கும் அந்தச் சோப்பு பெரும்பாலும் வந்தது சென்னையிலிருந்து! வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி எல்லாம் தாண்டி, முந்நூறு கிலோமீட்டருக்கு. சில சமயம் இன்னும் ஆச்சரியம். சோப்பு தயாரான ஆலையே கர்நாடகத்தில் இருக்கும். லாரி ஓசூர் வழியாகவே சென்னைக்குப் போகும். அங்கே சரக்கு இறங்கி, பதிவாகி, ரேக்கில் ஏறி, சில நாள் இருந்து, மறுபடி லாரி ஏறி, போன வழியிலேயே ஓசூருக்குத் திரும்பி வரும்.

இந்த வழியைப் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்தான். அவர்கள் சாலை வரைபடத்தைப் பார்க்கவில்லை, வரிச் சட்டத்தைப் பார்த்தார்கள். 1956-ல் வந்த மத்திய விற்பனை வரிச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் இருப்பவர் இன்னொரு மாநிலத்தில் இருப்பவருக்கு நேரடியாக விற்றால் அதற்குத் தனி வரி. 1975-லிருந்து 4 சதவீதம். 2007-ல் அது 3 ஆயிற்று, 2008-ல் 2. வாங்கியவர் அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது, போனது போனதுதான். ஆனால் கம்பெனி தன் சரக்கைத் தானே வேறு மாநிலத்தில் உள்ள தன் குடோனுக்கு நகர்த்தினால் அது விற்பனை ஆகாது. ‘எஃப் ஃபாரம்’ கொடுத்தால் போதும். விளைவு? மாநிலத்துக்கு ஒரு குடோன் முளைத்தது. புதுச்சேரிக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள ஒரு ‘சி அண்ட் எஃப்’ ஏஜென்ட். நாடு முழுக்க இருபத்தைந்து, முப்பது குடோன் வைத்திருப்பது பெரிய கம்பெனிகளுக்குச் சாதாரணம்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. எல்லை தாண்டிய விற்பனைக்குக் கட்டிய வரியையும் வாங்குபவர் கழித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. வணிகவரிச் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகப் போயின. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே வாளையாரில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசைகட்டி நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். 2018 ஏப்ரலில் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. மாநில எல்லைக் கோடு குடோன்காரர்களின் வரைபடத்திலிருந்து அழிந்தது. உடனே, அறுபது வருஷமாகக் கேட்கத் தேவையில்லாமல் இருந்த ஒரு கேள்வி எழுந்து நின்றது: வரியை மறந்துவிட்டுக் கடையை மட்டும் நினைத்தால், குடோனை எங்கே வைப்போம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுகிற அறைக்குள் எட்டிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை. சினிமா படப்பிடிப்பு பார்த்திருக்கிறேன், பத்திரிகை அச்சாகும் இரவைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பரபரப்பை எங்கும் பார்த்ததில்லை!

சென்னையில் ஒரு சோப்புக் கம்பெனியின் அலுவலக மாடி. சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் தென்னிந்தியா. அதன்மேல் சிறிதும் பெரிதுமாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விநியோகஸ்தர். புள்ளியின் பருமன் அவர் மாதம் எடுக்கிற சரக்கு. சென்னை ஓரத்தில் வீங்கிக் கிடக்கிறது. கோவை, மதுரை, திருச்சி, சேலம் அடுத்த அளவில். மற்றவை பொடிப்பொடியாக. குடோன்களைத் திட்டமிடும் பெண் ஒருவர் சேலத்தில் ஒரு குடோனை ‘வைக்கிறார்’. அவ்வளவுதான், எங்கெங்கோ நீண்டிருந்த கோடுகள் சட்டென்று தாவிச் சேலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மூலையில் ஓர் எண் குறைகிறது. பக்கத்திலேயே இன்னோர் எண் ஏறுகிறது. குறைந்தது லாரி வாடகை. ஏறியது குடோன் செலவு. சேலத்தை எடுத்துவிட்டு நாமக்கல்லில் வைக்கிறார். கோடுகள் மறுபடி தாவுகின்றன. நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான், “திருச்சியில வைங்க மேடம், திருச்சியில!” என்று கத்தியேவிட்டேன்.

கணினி வருவதற்கு முன்பும் இந்த விளையாட்டு இருந்தது, அதுவும் கயிறும் எடைக்கல்லுமாக. ஒரு மேசைமேல் வரைபடத்தை ஒட்டுவார்கள். கடை இருக்கும் ஊரிலெல்லாம் துளை. ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு கயிறு. மேசைக்கடியில் அந்தந்த ஊரின் தேவைக்கு ஏற்ற எடை தொங்கும். மேலே எல்லாக் கயிறும் ஒரே முடிச்சில் சேரும். முடிச்சைக் கையிலிருந்து விட்டால் அங்குமிங்கும் அலைந்து ஓரிடத்தில் நிற்கும். எல்லா ஊருக்கும் சரக்கு அனுப்ப மொத்தச் செலவு மிகக் குறைகிற இடம் அதுதான்! வாரிஞான் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் பெயரில் வழங்கும் இந்தச் சட்டகம், 1909-ல் ஆல்ஃபிரட் வேபர் தொழிற்சாலைகளின் இடத்தேர்வு பற்றி எழுதிய ஜெர்மன் நூலின் வழியே இந்தத் துறைக்குள் வந்தது.

இந்த முடிச்சில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மொத்த எடையில் பாதிக்கு மேல் ஒரே ஊரில் தொங்கினால், மற்ற எல்லா ஊரும் சேர்ந்து இழுத்தாலும் பலிக்காது. முடிச்சு நேராக அந்தப் பெரிய ஊரின் துளைக்கே ஓடிவிடும். வியாபாரத்தில் பாதி சென்னையில் இருக்கிற கம்பெனி, மாநிலத்தின் நட்டநடுவே குடோன் தேடினால் பணம்தான் விரயம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம், பெரியபாளையம் என்று சென்னையைச் சுற்றி ஏன் இத்தனை குடோன்கள் என்பதற்கு அந்த முடிச்சு ஒரு பதில் சொல்கிறது. துறைமுகமும் ஆலைகளும் சொல்கிற பதில்கள் வேறு.

ஒரு குடோன் என்றால் முடிச்சு போதும். எத்தனை குடோன், எங்கெங்கே என்று கேட்டால்தான் தலை சுற்றுகிறது. குடோனுக்குத் தோதான முப்பது ஊர்களைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வோர் ஊரிலும் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். சேர்க்கைகள் எத்தனை தெரியுமா? நூற்றேழு கோடிக்கு மேல்! ஒரு நொடிக்கு ஒன்று என்று சரிபார்த்தாலும் முப்பத்துநான்கு வருஷம் ஆகும். இதைத்தான் கணித நிரல் சில நிமிஷங்களில் சலித்துத் தருகிறது. தேறவே தேறாத சேர்க்கைகளைக் கூட்டம் கூட்டமாகக் கழித்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் பார்க்கும் தந்திரம் அது.

சரி, குடோன் குறைந்தால் என்ன லாபம்? வாடகை மிச்சம் என்றுதான் முதலில் தோன்றும். அதைவிடப் பெரிய லாபம் சரக்கில் ஒளிந்திருக்கிறது. நாலு அண்ணன் தம்பிகள் தனித்தனியாக நாலு வீட்டில் இருந்தால், திடீர் விருந்தாளிக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் சர்க்கரை கூடுதலாக இருக்க வேண்டும். கூட்டுக்குடும்பமாக இருந்தால் நாலு மடங்கு கூடுதல் தேவையில்லை. நாலு பேருக்கும் ஒரே நாளில் விருந்தாளி வருவது அபூர்வம். இரண்டு மடங்கு போதும். குடோனிலும் இதே கணக்கு. எதிர்பாராத தேவைக்கென்று வைக்கிற காப்புச் சரக்கு, குடோன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும், குறையும். 1976-ல் டேவிட் மெய்ஸ்டர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதை ‘வர்க்கமூல விதி’ என்றே துறையில் சொல்கிறார்கள். இருபத்தைந்து குடோனில் நூறு நூறு பெட்டி காப்பாக வைத்திருந்தால் மொத்தம் 2500. ஒன்பது குடோனாகச் சுருக்கினால் 1500 போதும். நாலு என்றால் 1000. ஒன்றே ஒன்று என்றால் 500! ஆயிரக்கணக்கான பெட்டிகளில் முடங்கியிருந்த பணம் அப்படியே கைக்கு வருகிறது. ஜி.எஸ்.டி.க்குப் பிறகு பல கம்பெனிகளின் நிதிப் பிரிவுகள் ஏன் குதூகலித்தன என்று இப்போது புரிகிறதல்லவா?

விதிக்கு நிபந்தனை உண்டு. ஊர்களின் தேவை ஒன்றோடொன்று ஒட்டாமல் ஏறி இறங்க வேண்டும். தீபாவளிக்கு எல்லா ஊரும் ஒன்றாகக் கேட்கும். அங்கே வர்க்கமூலம் உதவாது. பண்டிகைச் சரக்குக்கு வேறு கணக்கு.

குடோனைக் குறைத்தால் கடைக்காரருக்கு என்ன ஆகும்? இங்கேதான் எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. “எங்க குடோன்ல எந்தப் பொருளைக் கேட்டாலும் 95 சதவீதம் இருக்கும்” என்று ஒரு கம்பெனி சொன்னால் நல்ல கம்பெனி என்று நினைப்போம். ஆனால் விநியோகஸ்தர் ஒரு பொருளா கேட்கிறார்? இருபது பொருள் கேட்கிறார். இருபதும் ஒரே சமயத்தில் இருப்பதற்கான வாய்ப்பைப் பெருக்கிப் பாருங்கள். 36 சதவீதம்தான்! மூன்றில் இரண்டு ஆர்டர் ஏதோ ஒன்று குறைந்துதான் போய்ச் சேரும். பொருளுக்கு 99 சதவீதம் என்று உயர்த்தினால் முழு ஆர்டர் கிடைப்பது 82 சதவீதமாகத் தாவுகிறது.

அந்த நாலு சதவீதத்துக்கு விலை உண்டு. தேவையின் ஏற்ற இறக்கம் நூறு பெட்டி அளவில் இருக்கிற ஒரு பொருளுக்கு, 90 சதவீத உறுதிக்கு 128 பெட்டி காப்பாக வேண்டும். 95-க்கு 164. 99-க்கு 233. 99.9-க்கு 309. கடைசி ஒரு சதவீதத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பிடிக்க எழுபத்தாறு பெட்டி! அதனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே உறுதி தருவது பணத்தைக் கொட்டுகிற வேலை. தினம் ஓடுகிற சோப்பைக் கிட்டத்திலேயே வைத்துக்கொள்வது, மாதம் நாலு பெட்டி போகிற வாசனைச் சோப்பைத் தாய்க் குடோன் ஒன்றில் எல்லா ஊருக்கும் பொதுவாக வைப்பது என்று பிரிக்கிறார்கள். மெதுவாகப் போகிற பொருளின் தேவைதான் அதிகம் தாறுமாறாக இருக்கும். ஆகவே ஒன்றுசேர்ப்பதால் அதிக லாபமும் அதில்தான்.

இனி வண்டிகள். எனக்கு மிகப் பிடித்த பகுதி! ஆலையிலிருந்து குடோனுக்கு வருவது முப்பத்திரண்டு அடி கண்டெய்னரோ, டாரஸ் லாரியோ. நிரம்பி வரும். கிலோவுக்குக் கிலோமீட்டருக்கு என்று பார்த்தால் இதைவிட மலிவான சாலைப் பயணம் கிடையாது. குடோனிலிருந்து கடைப் பக்கம் போவது ஈச்சர், ஃபோர் நாட் செவன், கடைசியில் நம் குட்டியானை. 2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து தமிழ்நாட்டின் கடைத்தெருச் சந்துகள் எல்லாம் அதன் ராஜ்ஜியம். அது போகிற இடத்துக்கு டாரஸ் போக முடியாது. ஆனால் கிலோவுக்கு ஆகிற செலவு பல மடங்கு. ஆக, ஒரு குடோன் என்பது பெரிய வண்டி நின்று சின்ன வண்டி கிளம்புகிற இடம். அந்த இடத்தைக் கடைக்குக் கிட்டே தள்ளினால், மலிவான பயணம் நீளும். விலையான பயணம் குறுகும். தள்ளத் தள்ளக் குடோன் எண்ணிக்கை கூடும். வாடகையும் காப்புச் சரக்கும் ஏறும்.

பொருளைப் பொறுத்தும் எல்லாம் மாறிவிடும். சோப்பு எடைக்காரன், லாரியில் பாதி உயரம் அடுக்கியதுமே எடை வரம்பு முட்டிவிடும். உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் நேரெதிர். கூரை வரை அடுக்கினாலும் லாரிக்கு எடையே தெரியாது, ஏற்றிப் போவதில் பெரும்பகுதி காற்று. காற்றைத் தூரமாக ஏற்றிப் போகக் கட்டுப்படியாகாது. அதனால் வறுவல் ஆலைகளை ஊர்களுக்குப் பக்கத்திலேயே பரப்பி வைப்பது நியாயம். சோப்பு ஆலை நாட்டுக்கு ஒன்றிரண்டு இருந்தாலும் தாங்கும். பெயிண்ட்காரர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். ஆயிரம் நிறத்தையும் குடோனில் வைக்காமல், அடிப்படை வெள்ளையையும் சாயங்களையும் மட்டும் அனுப்பி, கடையிலேயே இயந்திரத்தில் கலக்க வைத்துவிட்டார்கள். ஆயிரம் பொருளுக்கு வேண்டிய காப்புச் சரக்கு, சில டஜன் பொருளுக்கானதாகச் சுருங்கிவிட்டது!

மாடி அறைக்குத் திரும்புவோம். இப்போது கூட்டம். மேசையைச் சுற்றி நாலு மேலாளர்கள், நாலு நியாயங்கள்.

“மேடம், பாதி வண்டிக்கும் முழு வாடகைதான். பெரிய குடோன் ரெண்டு இருந்தா எனக்கு எல்லா வண்டியும் நிரம்பும்,” என்கிறார் போக்குவரத்து மேலாளர். தலை நரைத்தவர், லாரி செட்டுகளில் அவர் பெயரைச் சொன்னால் வண்டி கிடைக்கும் என்கிறார்கள்.

“சார், திருநெல்வேலி டீலருக்கு மூணு நாள்ல சரக்கு போனா, பக்கத்துக் கம்பெனி சோப்பு அவர் ஷெல்ஃப்ல ஏறிடும். எனக்கு மதுரைக்குத் தெக்கால ஒரு குடோன் வேணும்,” என்கிறார் விற்பனைக்காரர்.

நிதிக்காரருக்குச் சரக்கு இருப்பு குறைய வேண்டும். குடோன் மேலாளருக்கு, இருக்கிற ஆட்களை வைத்து நடத்தக் கூடிய எண்ணிக்கை வேண்டும். நாலு பேரும் சரி. அவரவர் பத்தியில் இருக்கிற எண்ணை மட்டும் பார்த்தால், ஒவ்வொருவருக்கும் வேறு வரைபடம் வருகிறது. திட்டமிடும் பெண் யாரையும் மறுக்கவில்லை. நாலு பத்தியையும் கூட்டி ஒரே வளைகோடாகத் திரையில் போட்டார்.

அந்த வளைகோட்டைத்தான் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருக்கிறேன். கற்பனைக் கணக்கு ஒன்று சொல்கிறேன். உண்மைக் கணக்குகளின் வடிவமும் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டு குடோன் என்றால் வருஷச் செலவு 118 கோடி. மூன்றுக்கு 106. நாலுக்கு 101. ஐந்துக்கு 100. ஆறுக்கு 101. ஏழுக்கு 103. பத்துக்கு 112. கண்ணை மூடி ஐந்து என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்! நாலிலிருந்து ஏழு வரை கோடு கிட்டத்தட்டத் தட்டையாகப் படுத்திருக்கிறது, பாருங்கள். அடிப்பகுதிக்கு வந்ததும், ஒரு குடோனைக் கூட்டினால் ஏறுகிற வாடகையும் குறைகிற வண்டிச் செலவும் ஏறக்குறைய ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அதனால்தான் இந்தத் தட்டை.

ஆனால் கடைக்காரர் பக்கத்தில் எதுவும் தட்டையாக இல்லை. ஐந்து குடோனில் மறுநாளே சரக்கு கிடைக்கிற விநியோகஸ்தர்கள் நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் என்றால், ஏழு குடோனில் எண்பது பேர். பதினைந்து பேருக்கு ஒரு நாள் முந்துகிறது. அதற்கு விலை மூன்று கோடி. பெரிய தொகை போலத் தெரிகிறதா? இந்த மொத்தச் செலவு விற்பனையில் 6 சதவீதம் என்று வைத்தால், மூன்று கோடி என்பது நூறு ரூபாய்ச் சரக்குக்குப் பதினெட்டுப் பைசா!

என் கட்சி இதுதான். செலவா, சேவையா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது இந்தத் துறையின் பழக்கம். வளைகோட்டின் இரு ஓரங்களில் அது நிஜமான சண்டை. அடிப்பகுதிக்கு வந்துவிட்டால் சண்டை ஏறக்குறைய ஓய்ந்துபோகிறது. ஐந்தைத்தான் ‘மிகச் சரியான விடை’ என்று கணினி அச்சடித்துக் கொடுக்கும். அந்தத் தாளை மட்டும் கையெழுத்துக்கு அனுப்புகிற கம்பெனி, ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்திருக்கக் கூடிய ஒரு நாளை எண்ணற்ற கடைகளிடமிருந்து பறித்துவிடுகிறது. அந்தப் பெண் மூன்று தாள்களை அனுப்பினார்: ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எந்தெந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று. அந்தத் தாள்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்னொன்றை அவர் சத்தமாகவே சொன்னார்: “குடோனைக் குறைச்சா செலவு காணாம போகாது சார், சில சமயம் வேற ஆள் தலையில போய் உட்காரும்.” தினம் வந்த வண்டி வாரத்துக்கு இரண்டு முறை வந்தால், விநியோகஸ்தர் தன் சொந்தக் குடோனில் கூடுதல் சரக்கை அடுக்கியாக வேண்டும். சொற்ப சதவீத லாபத்தில் ஓடுகிறவர் அவர். அந்தக் கூடுதல் சரக்குக்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுப்பார், வட்டி கட்டுவார். கம்பெனியின் கணக்குப் புத்தகம் மெலிந்து அழகாகிவிடும்; பட்டுக்கோட்டையில் ஒருவரின் புத்தகம் வீங்கும். விநியோகஸ்தர் கையிருப்பையும் தன் கணினி மாதிரியில் சேர்க்காத கம்பெனி பாதிக் கணக்கைத்தான் போடுகிறது. மூடப்படும் குடோனின் சுமைதூக்கும் தொழிலாளர்கள் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வருவதில்லை. வர வேண்டும் என்பேன்.

தூரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோவையில் ஒரு காம்பஸ் முள்ளை ஊன்றி வட்டம் போட்டால் வால்பாறை அழகாக உள்ளே விழுந்துவிடும். வண்டியோட்டிக்குத் தெரியும், ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவு! ஊட்டிக்கு முப்பத்திரண்டு அடி கண்டெய்னரை ஏற்ற நினைப்பதே வீண். மேட்டுப்பாளையத்தில் சின்ன வண்டிக்கு மாற்றிக்கொண்டுதான் மலையேற வேண்டும். நல்ல திட்டக்காரர் கிலோமீட்டர் வட்டத்தை அழித்துவிட்டு மணிக்கணக்கில் வரைகிறார். அப்போது வட்டம் வட்டமாக இருக்காது. நாற்கரச் சாலை நெடுகக் கை நீட்டும். மலைப் பக்கம் சட்டென்று உள்ளே சுருங்கும்.

மழையும் அந்த வரைபடத்தில் உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. இரண்டே வாரத்தில் தெற்குக் கோடியில் தூத்துக்குடி, திருநெல்வேலி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. மொத்தச் சரக்கும் ஒரே இடத்தில் இருப்பது வர்க்கமூல விதிப்படி மிக மலிவு. அந்த ஒரே இடம் தண்ணீரில் நின்றால் மாநிலமே காத்திருக்க வேண்டும். “ரெண்டாவது குடோனுக்கான செலவுல ஒரு பங்கை இன்ஷூரன்ஸ் பிரீமியம்னு எழுதிக்குங்க,” என்று நிதிக்காரரிடம் திட்டமிடும் பெண் சொன்னபோது, நிதிக்காரர் சிரித்தபடியே தலையாட்டினார்.

தாளில் போட்டது தரையில் எப்படி நடக்கிறது? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், ராத்திரி நேரத்தில் ஒரு குடோன். உள்ளே நுழைந்ததும் கழுத்து தானாகப் பின்னால் சாய்கிறது. பன்னிரண்டு மீட்டர் உயரம்; கூரை வரை ரேக். ரீச் டிரக் ஒன்று, உச்சித் தட்டிலிருந்து ஒரு பேலட்டை அலுங்காமல் இறக்குகிறது. நாளை காலை கடைசியாக இறங்க வேண்டிய சரக்கு வண்டியில் முதலில் ஏறுகிறது. கனமானது அடியில், லேசானது மேலே. டீத்தூளையும் சோப்பையும் ஒட்டி அடுக்கக் கூடாது. தேயிலை வாசனையை இழுத்துக்கொள்ளும். இதெல்லாம் எந்தத் திரையிலும் இல்லை, லோடுமேன்களின் கையில் இருக்கிறது. “அண்ணே, செங்கல்பட்டு வண்டிக்கு இடம் விட்டு ஏத்துங்க, இன்னும் பன்னெண்டு பெட்டி வருது!” என்று சூப்பர்வைசர் குரல் கொடுக்கிறார். பெரிய வண்டிகளுக்கு நகருக்குள் ‘நோ என்ட்ரி’ தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டிய லாரிகள் வாசலில் உறுமுகின்றன. வேறொரு பக்கம் சரக்கு ரேக்கையே தொடவில்லை. ஒரு லாரியிலிருந்து இறங்கி, தரையில் ஊர்வாரியாகப் பிரிந்து, நேராக அடுத்த லாரியில் ஏறுகிறது. இந்த வேகத்தில் நடக்கிற இடத்துக்குக் கூரையும் தளமும் இருந்தால் போதும். இருப்பு வைக்காமலேயே ஒரு குடோனின் பலன்! ஆறாவது, ஏழாவது குடோனை இப்படிப்பட்டதாக வைத்தால் அந்த மூன்று கோடியும் இன்னும் சுருங்கும்.

அந்தக் குடோனுக்கு இடைஞ்சல் எது என்று கேட்டேன். மாதக் கடைசி, என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். விற்பனை இலக்கை எட்டுவதற்காக மாதத்தின் கடைசி வாரத்தில் ஆர்டர்கள் குவிகின்றன. அந்த ஒரு வாரத்துக்காக இடம், ஆள், வண்டி எல்லாவற்றையும் பெரிதாக வைத்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் அதே இடம் வெறிச்சோடிக் கிடக்கும். விற்பனைப் பிரிவு இலக்கை வாரவாரியாகப் பிரித்துக் கொடுத்தால், ஒரு செங்கல்கூட வைக்காமல் குடோன் பெரிதாகிவிடும். குடோனை எங்கே வைப்பது என்று மூளையைக் கசக்குகிறவர்கள் இதை முதலில் செய்ய வேண்டும்.

குடோன்களைக் குறைக்கிற இந்தப் போக்குக்கு நேரெதிராக ஒரு கூட்டம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலில் பால் பாக்கெட் தருகிற செயலிகள், ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு குட்டிக் குடோன் வைக்கின்றன. வர்க்கமூல விதிப்படி காப்புச் சரக்கு எகிற வேண்டும். அதனால்தான் அங்கே பெரும்பாலும் வேகமாக ஓடுகிற பொருள்களாகப் பார்த்து வைக்கிறார்கள்.

இனி அந்த மாடி அறையில் இப்போது நடக்கிற சண்டை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹொஸ்கோட்டே வரை சுமார் 260 கிலோமீட்டருக்குச் சென்னை - பெங்களூர் விரைவுச்சாலை போடுகிறார்கள். இரண்டு முனையும் எவை என்று பாருங்கள். ஒன்று சென்னையின் குடோன் பட்டை, இன்னொன்று பெங்களூரின் குடோன் பட்டை! சாலை முழுதாகத் திறந்தால் இரண்டு பெருநகரத்துக்கும் நடுவே, ராணிப்பேட்டையிலோ சித்தூரிலோ, ஒரே குடோன் வைத்து இரண்டையும் மறுநாளைக்குள் எட்டிவிடலாமா? மாநில எல்லை இனித் தடையில்லை. இரண்டு இடத்துக் காப்புச் சரக்கு ஓரிடத்தில் சேர்ந்து குறையும். வாடகை பெருநகர ஓரத்தைவிடக் குறையும். ஆனால் சுங்கக் கட்டணம் ஏறும், குட்டியானை அவ்வளவு தூரம் ஓடாது, பெரிய நகரின் எடை முடிச்சைத் தன் பக்கமே இழுக்கும். போக்குவரத்து மேலாளர் ராணிப்பேட்டைக் கட்சி. விற்பனைக்காரர் கூடவே கூடாது என்கிறார். திட்டமிடும் பெண் அந்தச் சாலையைத் தன் மாதிரியில் ஏற்கெனவே வரைந்து வைத்துவிட்டார். ஸ்ரீபெரும்புதூர்க் குடோனின் குத்தகை புதுப்பிக்க வந்திருக்கிறது. உரிமையாளர் ஒன்பது வருஷம் கேட்கிறார், இவர் மூன்று வருஷத்துக்கு மேல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்கிறார்.